அக்காவுக்கு எதிராக ஒரு தத்துவஞானி

மார்ச் 7

ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டேன். நூலக மாடியில் வியாழக்கிழமை மாலைதோறும் தத்துவ வகுப்பு நடக்கிறது. இந்தப் பருவத்துக்குத் தலைப்பு "அறமும் அதிகாரமும்". டாக்டர் என்னைத் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார், நூலகம் நடக்கிற தூரத்தில் இருக்கிறது. எனக்கும் தத்துவத்துக்கும் உள்ள சம்பந்தம் இவ்வளவுதான்.

"இலவசமா?" என்று கேட்டாள் மனைவி.

"ஆமா."

"அதானே பார்த்தேன்."

வகுப்பெடுக்கும் பேராசிரியை ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தார். பருவம் முழுக்க ஒரே ஒரு தத்துவஞானிதானாம். அட்டையில் அவர் படம். முகத்தில் பாதி மீசை. அதற்குள் ஒரு குருவி கூடு கட்டிக் குஞ்சு பொரித்துப் பறந்தாலும் அவருக்குத் தெரிய வராது. பெயர் என் வாயில் நுழையவில்லை. மீசை என்றே வைத்துக்கொள்கிறேன். செத்து ரொம்பக் காலமாகிறதாம். முறைப்பு மட்டும் இன்னும் சாகவில்லை.

மார்ச் 8

முதல் அத்தியாயம். ஒவ்வொரு சொல்லும் தமிழ்தான், சேர்த்துப் படித்தால் தமிழாக இல்லை. மொழிபெயர்த்தவருக்கே புரிந்திருக்காது என்று நினைக்கிறேன். "என்னால் முடியவில்லை, நீயாவது பார்த்துக்கொள்" என்று நம் தலையில் கட்டிவிட்டிருக்கிறார்.

மார்ச் 10

ஞாயிறு. வழக்கம்போல அப்பாவைப் பார்க்கப் போனேன். அப்பாவுக்குப் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்து நாலு வருடமாகிறது. ஜன்னலோரக் கட்டில்தான் உலகம். ரயில் நிலைய அதிகாரியாக இருந்தவர். இன்னமும் அந்த வீட்டில் எதுவும் அவர் கொடி காட்டாமல் நகராது. ஏதாவது வேண்டும் என்றால் கரண்டியால் டம்ளரைத் தட்டுவார். ஓடிப்போய் நிற்பவள் அக்கா.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு அவள்தான் தலைமை. பகலில் ஒரு ஆயா வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்வாள், மற்ற நேரமெல்லாம் அக்கா. நான் பழம் வாங்கிக்கொண்டு போகிற ஞாயிற்றுக்கிழமை மகன்.

விரிப்பை மாற்ற எழுந்தேன். "நீ உக்காருடா. முதுகு வலின்னியே" என்றாள். தட்டைக் கழுவப் போனேன். "பரவால்ல, வெச்சுடு." மாத்திரை எடுக்கப் போனேன். "எதுன்னு உனக்குத் தெரியாது. பரவால்ல." ஒரு வேலையும் செய்யவிடாமல், ஒரு வேலைக்கும் லாயக்கில்லாதவன் என்று எனக்கே புரியவைத்து அனுப்பினாள். வாசலில் சிரித்த முகமாக, "அடிக்கடி வரணும்னு இல்லடா, உனக்கும் வேலை இருக்கும்" என்றாள்.

பழத்துக்குப் பதில் என்னையே நறுக்கித் தட்டில் வைத்துவிட்டு வந்த மாதிரி இருந்தது.

மார்ச் 12

கடையில் ஒருவர் கத்தினார். போன வாரம் வாங்கிய மெத்தை கல்லாக இருக்கிறதாம். அவர்தான் கல் மாதிரி வேண்டும் என்று கேட்டு, செருப்புக் காலோடு படுத்துப் பார்த்து, கண்ணை மூடி "ஆஹா" என்றவர். "உங்களுக்கெல்லாம் எவன்யா வேலை கொடுத்தான்?" என்று கேட்டார். பத்தொன்பது வருடமாக மெத்தை விற்கிறேன். சிரித்தேன். அவர் போனபிறகு மேனேஜர் உறுமினார். அதற்கும் சிரித்தேன்.

மனைவியிடம், "மன்னிச்சுட்டேன்" என்றேன்.

"ரெண்டு பேரையுமா?" என்றாள். "பெரிய மனசுதான்."

மார்ச் 14

பேராசிரியை ஒல்லியான பெண்மணி. மென்மையான குரல். அந்தக் குரலில் இவ்வளவு பெரிய இடியை இறக்குவார் என்று நினைக்கவில்லை. மீசை சொல்வது இதுவாம்: திருப்பி அடிக்க முடியாதவன், "நான் அடிக்க மாட்டேன்" என்று சொல்லிக்கொள்கிறான். அப்புறம் அதற்குப் பொறுமை என்று பெயர் வைக்கிறான். அப்புறம் அடிக்க முடிந்தவனைக் கெட்டவன் என்கிறான். பெயர் சூட்டு விழா முடிந்ததும் பலவீனம் நல்ல குணமாகிவிடுகிறது.

செவ்வாய்க்கிழமை கடையில் இவர் எங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்?

"அப்ப நல்லவங்களே கிடையாதா மேடம்?" என்று கேட்டேன்.

"அப்படிச் சொல்லல. உங்களை நல்லவரா வெச்சிருக்கிறது எதுன்னு கேக்கறார். உங்க வலுவா, பயமா?"

வகுப்பில் ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர், உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறவர் ஒருவர், கல்லூரிப் பெண்கள், இன்னும் சிலர். எல்லோரும் தலையாட்டினார்கள். எல்லோரும் தங்களைப் பலசாலிகள் கட்சியில் சேர்த்துக்கொண்டது முகத்தில் தெரிந்தது. பலவீனர் கட்சிக்கு ஆளே இல்லை. நானும் அங்கே உட்கார்ந்து இரண்டு முறை பலமாகத் தலையாட்டினேன்.

மார்ச் 15

மேனேஜர் உறுமினார். சிரித்தேன். பயம்தான்.

மார்ச் 19

இன்று வலுவாக இருந்து பார்த்தேன்.

புருஷனும் பெண்டாட்டியுமாக வந்தார்கள். அவருக்கு மெத்தென்று வேண்டும், அந்த அம்மாவுக்குக் கெட்டியாக வேண்டும். ஒவ்வொரு மெத்தையிலும் படுத்து எழுந்து சண்டை. வழக்கமாக நடுவில் பாலம் கட்டுவேன். இன்று சொன்னேன்: "உங்களுக்கு வேண்டியது மெத்தை இல்ல. ரெண்டு கட்டில்." இருவரும் ஒரே நேரத்தில், முதன்முறையாக ஒரே கருத்தோடு, எழுந்து வெளியே போனார்கள்.

மேனேஜர் கூப்பிட்டார். அவரிடமும் வலுவாக, "உண்மையைத்தான் சார் சொன்னேன்" என்றேன்.

மார்ச் 20

தலையணைப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.

மனைவி ரொம்ப நேரம் சிரித்தாள். "உங்க மீசைக்கு மண் ஒட்டலியே?" என்றாள். கட்டிலில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். கட்டில் குலுங்கியது.

மார்ச் 21

இன்றுதான் இந்த ஆள் உருப்படியாக ஒன்று சொன்னார்.

அதிகாரம் என்றால் உறுமுகிறவனிடம் மட்டும் இருக்கிறது என்று நினைக்காதே என்கிறார். பிறருக்காகத் தன்னைத் தேய்த்துக்கொள்கிறவனிடமும் இருக்கிறது. "உனக்காகத்தான் எல்லாம்" என்று ஒருவன் சொன்னால் கேட்பவன் கடன்காரனாகிறான், ஆயுளுக்கும் அடைக்க முடியாத கடன். குற்ற உணர்ச்சியை ஊட்டி ஆள்வதற்குச் சாட்டைகூட வேண்டாம். தியாகிக்குத் தெரியாமலேயே தியாகம் ராஜாங்கம் நடத்துகிறது.

பேராசிரியை விளக்கிக்கொண்டிருக்கும்போதே பக்கத்திலிருந்த போலீஸ்காரரிடம், "இது எங்க அக்கா சார்" என்றேன்.

"எந்தப் பக்கம்?" என்று அவர் புத்தகத்தைப் புரட்டினார்.

வீட்டுக்கு ஓடாத குறையாக வந்தேன். ஐம்பத்து மூன்று வயதுப் பெண்ணின் "பரவால்ல"வுக்குக் கடைசியில் ஒருத்தர் அர்த்தம் எழுதி வைத்திருக்கிறார்! நாலு வருடமாக ஞாயிறுதோறும் நான் எதற்காக வெட்கப்பட்டேன்? அது என் தப்பு இல்லை. அவள் தந்திரம்.

மீசை வாழ்க.

மார்ச் 24

புதுக் கண்ணோடு போனேன். எல்லாம் தெரிந்தது. அப்பா டம்ளரைத் தட்டுகிறார், அக்கா உடனே எழுவதில்லை. ஒரு கணம் என்னைப் பார்க்கிறாள், அப்புறம் ஒரு மூச்சு விடுகிறாள், அப்புறம்தான் எழுகிறாள். அந்த மூச்சு எனக்கான ரசீது.

சாப்பிடும்போது சொன்னாள்: "ஆஸ்பத்திரியில என்னை வெளியூர்க் கிளைக்குப் போகச் சொல்றாங்க. ரெண்டு வருஷம். பரிசோதனைக் கூடத்தைப் புதுசா நான்தான் அமைக்கணுமாம். முடியாதுன்னுட்டேன். திரும்பவும் யோசிங்கன்னாங்க."

"ஏன் முடியாது?"

"அப்பாவை யார் பார்த்துப்பா?" அப்புறம் அந்த மூச்சு. "பரவால்ல."

வாயைத் திறக்காமல் இருக்க இன்னும் கொஞ்சம் சாப்பிட்டேன்.

மார்ச் 31

சொல்லிட்டேன். சொல்லித் தொலைச்சுட்டேன்.

ஆரம்பம் ஒரு துண்டிலிருந்து. அப்பாவுக்கு முகம் துடைக்க எடுத்தேன். "அது கால் துண்டுடா, வெச்சுடு, பரவால்ல, நானே—" என்று கையிலிருந்து பிடுங்கினாள். அவ்வளவுதான். எங்கிருந்து வந்ததோ.

"அக்கா, இந்தப் பரவால்லவை நிறுத்தறியா? நீ ஒண்ணும் தியாகம் பண்ணல. நீ ஆட்சி பண்ற. எங்க எல்லாரையும் கடன்காரங்களா வெச்சிருக்க. அப்பாவுக்கு ஆள் இல்லன்னு அந்த வேலைக்குப் போகலன்னு சொல்ற, ஆனா நான் செய்யறேன்னு வந்தா ஒரு துண்டைக்கூடத் தொட விடமாட்ட. ஏன்னா நான் செஞ்சுட்டா உன்கிட்ட அதிகாரம் இருக்காது. இதெல்லாம் ஒருத்தர் அப்பவே எழுதி வெச்சிருக்கார்!"

அப்பா கரண்டியைப் பிடித்தபடி தட்டாமல் இருந்தார்.

அக்கா அழுவாள் என்று நினைத்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கையிலிருந்த துண்டை மடித்தாள். மறுபடி பிரித்து, ஓரம் சரியாக வரும்படி மடித்தாள். "யாரு எழுதினது?" என்றாள்.

"ஒரு தத்துவஞானி."

"ம்."

பழத்தை நறுக்காமலே வந்துவிட்டேன்.

ஏப்ரல் 1

மனைவியிடம் சொன்னேன். கை தட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். நாத்தனார் மேல் அவளுக்கும் குறை உண்டு.

"அண்ணிகிட்ட சொன்னீங்க, சரி. உறுமறாரே உங்க மேனேஜர், அவர்கிட்ட இந்தக் குரல்ல என்னைக்காவது பேசியிருக்கீங்களா?"

"அது வேற."

"ஆமா. அண்ணி உங்களைத் தலையணைக்கு மாத்த முடியாது."

ஏப்ரல் 7

போகலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுப் போனேன். அக்கா ஒன்றும் நடக்காதது போலக் கதவைத் திறந்தாள். கிளம்பும்போது கேட்டாள்: "அந்தப் புத்தகம் இருக்கா? கொடு, பார்க்கறேன்."

பையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

ஏப்ரல் 11

புத்தகம் இல்லாமல் வகுப்புக்குப் போனேன். "எங்க?" என்றார் பேராசிரியை. அக்கா படிக்கிறாள் என்றேன். "அட, குடும்பமே தத்துவக் குடும்பமா!" என்று மகிழ்ந்தார். நான் திருத்தவில்லை.

ஏப்ரல் 14

எழுதவே கை வரவில்லை. இருந்தாலும் எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் நாளைக்கே வேறு மாதிரி ஞாபகம் வைத்துக்கொள்வேன்.

அக்கா புத்தகத்தை மேசைமேல் வைத்தாள்.

"படிச்சுட்டேன்டா."

"முழுசாவா?"

"முழுசா. நீ எது வரைக்கும் படிச்ச? பாதிக்கு அப்புறம் பக்கமெல்லாம் ஒட்டிக்கிட்டே இருந்தது. நான்தான் பிரிச்சேன்."

புத்தகத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"இந்த ஆள் சொல்றது சரிதான்" என்றாள். "எனக்கு முதல்ல கோபம் வந்தது. ரெண்டு நாள் தொடவே இல்ல. அப்புறம் யோசிச்சுப் பார்த்தேன். ஆரம்பத்துல நான் நிஜமாவே அப்பாவுக்காகத்தான் செஞ்சேன். நடுவுல எப்பவோ நல்லவளா இருக்கிறதுல ஒரு ருசி வந்துடுச்சு. நீ தட்டு கழுவ வந்தா எனக்கு எரிச்சலா வரும். என் ராஜ்ஜியத்துல இவனுக்கு என்ன வேலைன்னு. நீ சொன்னது தப்பில்ல."

ஜெயித்துவிட்டேன் என்று ஒரு நொடி தோன்றியது. ஒரே ஒரு நொடி.

"ஆனா ஒண்ணு கேக்கறேன். 'உன் அக்காவைக் கண்டுபிடி'ன்னு இதுல எந்தப் பக்கத்துலயாவது இருக்கா? தேடித் தேடிப் பார்த்தேன், இல்ல. அவர் படிக்கிறவனைத்தான் பிடிச்சு உலுக்கறார். நீ உன்னைத் தேடிப் படிக்கல. என்னைக் கட்டறதுக்குக் கயிறு தேடியிருக்க. நேரா நின்னு எதிர்க்கத் துணிச்சல் இல்லாம, மனசுக்குள்ளயே கணக்கு வெச்சுக்கிட்டுப் பழிவாங்க நாள் பார்க்கிற ஆளைப் பத்தி அறுபத்திரண்டாம் பக்கத்துல எழுதியிருக்கார். படி. என்னைவிட உன்னைத்தான் அதிகமாத் திட்டியிருக்கார்."

"அக்கா, நான் ஏதோ கோபத்துல—"

"நான் போறேன்டா."

"எங்க?"

"வெளியூர்க் கிளைக்கு. நேத்தே சரின்னு சொல்லிட்டேன். மே முதல் வாரம்."

"அப்ப அப்பா?"

"அப்பாவுக்கு ரெண்டு பிள்ளைங்க" என்றாள். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. உள்ளே அப்பா டம்ளரைத் தட்டினார். அக்கா எழவில்லை. மூச்சும் விடவில்லை. தன் டீயை எடுத்து நிதானமாகக் குடித்தாள்.

மறுபடி தட்டினார்.

நான் எழுந்து போனேன்.

ஏப்ரல் 15

அறுபத்திரண்டாம் பக்கம் படித்தேன். ஆமாம், நான்தான். மீசை என் வீட்டு விலாசம் தெரிந்தே எழுதியிருக்கிறார்.

வகுப்பு இலவசம். சூனியம் மட்டும் சொந்தச் செலவில்.

ஏப்ரல் 16

அப்பா வீட்டுக்கே போய் இருக்க வேண்டியதுதான் என்றேன். மனைவி: "நான் அங்க வந்து இருக்க மாட்டேன். என் வேலைக்கு அங்கேருந்து ரெண்டு பஸ் மாறணும். ஞாயித்துக்கிழமை வரேன்."

"வெறுங்கையோடயா?"

"பழம் வாங்கிட்டு வரேன்."

மே 2

வகுப்பின் கடைசி நாள். இத்தனைக்கும் பிறகு ஒன்று கேட்காமல் வர மனசில்லை.

"மேடம், தாகத்துக்கு ஒருத்தனுக்குத் தண்ணி கொடுக்கறேன். அதுவும் அதிகாரம்தானா? அப்ப எதைத்தான் செய்யறது?"

அவர் புத்தகத்தை மூடினார். "உங்ககிட்ட நிரம்பி வழியுதுன்னு கொடுத்தா அவருக்கு ஆட்சேபணை இல்ல. கொடுத்துட்டு மறந்துடற அளவுக்கு வலு இருந்தா ரொம்பவே பிடிக்கும். கொடுத்ததை எண்ணிட்டு இருக்கறவங்களைத்தான் அவருக்குப் பிடிக்காது."

என்னிடம் எதுவும் நிரம்பி வழியவில்லை. நான் ஒரு டம்ளரைக் கழுவினால் நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்று நினைக்கிறவன். அந்த வலுவை எந்தக் கடையில் விற்கிறார்கள்?

மே 4

அக்கா போய்விட்டாள். கிளம்பும் முன் அப்பாவை எப்படிப் புரட்ட வேண்டும் என்று காட்டினாள். தோளில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை, இழுக்கக் கூடாது, உருட்ட வேண்டும். "அவரைக் கேட்டுட்டுச் செய். கேக்காம தொட்டாப் பிடிக்காது." சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் சரியாகச் செய்தபோது திரும்பிக்கொண்டாள்.

அப்பாவிடம் குனிந்து, "வரேன்ப்பா" என்றாள். அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "வண்டி எந்தப் பிளாட்பாரம்?" என்று கேட்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

மே 6

விரிப்பை மாற்றும்போது மெத்தையில் கை வைத்தேன். நடுவில் ஒரு பள்ளம், அப்பா அளவுக்கு. பத்தொன்பது வருடமாக ஊருக்கெல்லாம் முதுகெலும்பைப் பற்றி உபதேசம் செய்கிறவனின் அப்பா நாலு வருடமாகக் குழியில் படுத்திருக்கிறார். ஞாயிறுதோறும் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தேன்?

இதை அக்காவின் தந்திரம் என்று சொல்ல முடியவில்லை. முயன்று பார்த்தேன்.

மே 9

புது மெத்தை வந்தது. அப்பா படுத்துப் பார்த்துவிட்டு, "இதை விக்கறதுக்கா உனக்குச் சம்பளம் கொடுக்கறாங்க?" என்றார்.

மே 17

தினமும் சண்டை. தண்ணீர் சூடு, தண்ணீர் ஜில். சவரம் செய்யும்போது அசைகிறார், வெட்டினால் என்னைத் திட்டுகிறார். "அவ இருந்தா..." என்று ஆரம்பிப்பார், முடிப்பதில்லை. முடிக்கத் தேவையும் இல்லை.

எரிச்சலில் இன்று, "அவ போயிட்டா. நான்தான் இருக்கேன்" என்று கத்திவிட்டேன். படுத்த இடத்தை விட்டு நகர முடியாத கிழவரிடம் எவ்வளவு கம்பீரமாகக் கத்துகிறேன்! மேனேஜர் கேட்டிருந்தால் பெருமைப்பட்டிருப்பார்.

ஜூன் 3

கடையில் செய்தி பரவிவிட்டது. மேனேஜரே தலையணைப் பிரிவுக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, "அப்பாவைத் தனியா நீங்கதான் பார்த்துக்கறீங்களாமே. இந்தக் காலத்துல யார் சார் செய்யறா?" என்றார். சார்! தரையைப் பார்த்துக்கொண்டு, "கடமைதானே" என்றேன். குரலைச் சரியான அளவுக்கு உடைத்தேன். மெத்தைப் பிரிவுக்கே திரும்பிவிட்டேன். சீக்கிரம் கிளம்புகிறேன் என்றால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. கேட்கத் துணிவதில்லை.

அடடா, என்ன ருசி. அக்கா பொய் சொல்லவில்லை.

ஜூன் 9

மனைவி பழத்தோடு வந்தாள். தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள். "வெச்சுடு, பரவால்ல" என்றேன்.

தட்டோடு அப்படியே நின்று என்னைப் பார்த்தாள். நானும் என்னைப் பார்த்த மாதிரி இருந்தது.

"கழுவு" என்றேன். "நல்லாக் கழுவு."

ஜூன் 15

அக்கா போனில் கேட்டாள்: "அடுத்த வாரம் லீவு போட்டுட்டு வரட்டுமாடா?"

"எதுக்குக்கா. உனக்கு அங்க ஆயிரம் வேலை. நான் எப்படியோ சமாளிச்சுக்கறேன்."

அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. அவள் இப்படிச் சிரித்துக் கேட்டு எவ்வளவு காலமாகிறது! "டேய், அதைக் கண்டுபிடிச்சவளே நான். என்கிட்டயே விக்கறியா?"

நானும் சிரித்துவிட்டேன்.

"சரி, அப்ப நான் வரல" என்றாள். நிஜமாகவே வைத்துவிட்டாள்.

ஜூலை 5

இன்று நடந்தது புரியவில்லை.

அப்பா தட்டினார். நான் அடுப்பில் பால் பொங்கியதைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "வரேன்" என்றேன். மறுபடி தட்டினார். "வரேன்னு சொன்னேன்ல!" அப்புறம் சத்தமே இல்லை. பயந்துபோய் ஓடினேன். அப்பா கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் தரையில். இடது கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, "சோம்பேறி" என்றார்.

யார் தூக்கி உட்கார வைத்தார்கள்? ஆயா போய்விட்டாள். வீட்டில் வேறு யாரும் இல்லை.

ஜூலை 9

ஆஸ்பத்திரியிலிருந்து பிசியோதெரபிஸ்ட் வந்தார். அப்பாவின் காலை மடக்கி நீட்டிப் பார்த்தார். "பிடிச்சுக்கிட்டு நடக்கலாமே இவர். இத்தனை நாளா முயற்சி பண்ணலியா?"

"முதல்லயே சொல்லிக் கொடுத்தாங்களாம். இவர் முடியலன்னு விட்டுட்டார்" என்றேன். அப்பா சுவரைப் பார்த்தார்.

நான்கு கால் உள்ள அலுமினியத் தாங்கி ஒன்று வாங்கி வந்திருக்கிறேன். அதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், தள்ளித் தள்ளி நடக்க வேண்டும்.

ஜூலை 21

கட்டிலிலிருந்து மேசை வரை நடந்தார். உட்கார வைத்துவிட்டுக் கேட்டேன்.

"முன்னாடியே எழுந்திருக்க முடிஞ்சுதாப்பா?"

போகட்டும் என்று துண்டை எடுத்தேன்.

"முதல் வருஷம் முடியல" என்றார். "அப்புறம் தோணல."

"ஏன்?"

"எழுந்துட்டா அவளுக்கு இங்க என்ன வேலை? போயிடுவா." தாங்கியைத் தள்ளி வைத்துவிட்டு, "போக வேண்டியவதான்" என்றார்.

நானும் அவளும் ஒரு ராஜ்ஜியத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, ராஜா படுத்துக்கொண்டே எங்கள் இருவரையும் ஆண்டிருக்கிறார். கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது. ஆனால் அவர் சட்டையெல்லாம் வியர்வை. வலது கால் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் கோபமாக இருப்பது?

மீசையைத் தேடி எடுத்தேன். தியாகம் பற்றி இருக்கிறது, பயம் பற்றி இருக்கிறது. தனியாக விட்டுவிடுவார்களோ என்று நினைத்துக் காலை மறந்துபோன ஒரு கிழவரைப் பற்றி எங்கே என்று தெரியவில்லை. இருக்கலாம். இன்னும் சில பக்கங்கள் எனக்குப் புரியவில்லை.

ஆகஸ்ட் 1

நூலகத்திலிருந்து போன். அடுத்த பருவத்துக்கு வேறு தத்துவஞானியாம், "மகிழ்ச்சி" என்று தலைப்பாம். வரவில்லை என்றேன். எங்கள் வீடு இன்னொரு தத்துவஞானியைத் தாங்காது.

ஆகஸ்ட் 11

அக்கா அடுத்த ஞாயிறு வருகிறாள். அப்பா, "நடக்கிறதை அவகிட்ட சொல்லாத" என்றார். தினமும் வாசல் வரை போய்த் திரும்பிப் பழகிக்கொண்டிருக்கிறார். நான் கையை நீட்டினால் தட்டிவிடுகிறார்.

ஆகஸ்ட் 18

அக்கா வந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாள். வேறு யாரோ என்று நினைத்தேன். பெட்டியை வைத்துவிட்டு, "என்னடா வீடு இவ்வளவு சுத்தமா இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே திரும்பினாள்.

அப்பா அறைக் கதவருகே வந்துவிட்டார். தாங்கியைத் தள்ளி ஒரு எட்டு, நின்று மூச்சு, அடுத்த எட்டு. புதுச்சட்டை போட்டிருந்தார், பொத்தான் ஒன்று மாறிப் போயிருந்தது. அக்கா முன்னால் வந்து நிமிர்ந்து நின்றார். "வண்டி சரியான நேரத்துக்கு வந்துச்சா?" என்றார்.

அக்கா சிரித்தாள். "வந்துச்சுப்பா." சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது. கண் மட்டும் அவர் காலுக்குப் போனது, அந்தத் தாங்கிக்குப் போனது, பின்னால் காலியாகக் கிடந்த கட்டிலுக்குப் போனது. நாலு வருடம். அவள் என்ன கூட்டிப் பார்த்தாள் என்று எனக்குத் தெரியும்.

"நல்லா நடக்கறீங்கப்பா" என்றாள். "கை கால் கழுவிட்டு வரேன்."

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாய் ஓடத் தொடங்கியது, நிற்கவில்லை.

"அழறாளா?" என்று அப்பா கேட்டார்.

"தெரியலப்பா."

"என் மேல கோபமா இருப்பா."

"இருக்கலாம்."

அவர் கை நடுங்கத் தொடங்கியது. நாற்காலியை இழுத்துப் பின்னால் போட்டேன்.

"உக்காருங்கப்பா. ரொம்ப நேரமாச்சு."

"அவ வரட்டும்" என்றார்.

உட்காரவில்லை. பிடிக்கலாமா என்று கேட்டேன். தலையாட்டினார். ஒரு பக்கம் நான் பிடித்துக்கொண்டேன். உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. இருவரும் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.